டயப்பர் கட்டினால்தான் ஆய் போகிறான், என்ன செய்வது?

பெரம்பூர் அம்மா:

என் மகனுக்கு 2 வயது 5 மாதம். பொங்கல் விடுமுறையில் பகல் டயப்பரை நிறுத்தினேன். நான்கு நாள் வீடு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் முதல் "உச்சா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்கு ஓடுகிறான். அதில் எனக்குக் கவலையில்லை.

ஆய் மட்டும் ஒத்துவரவில்லை. வரும்போது அவனே டயப்பரை எடுத்துவந்து என் மடியில் போடுகிறான். கட்டிவிட்டால் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய், பீரோவைப் பிடித்தபடி நின்றுகொண்டே போகிறான். போன வாரம் நான் கட்ட மறுத்தேன். கால்களைப் பின்னிக்கொண்டு, உடம்பை விறைத்துக்கொண்டு நான்கு நாள் அடக்கினான். ஐந்தாம் நாள் போனபோது அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. கெட்டியாக உருண்டை உருண்டையாக வந்தது, மேலே ஒரு கீற்று இரத்தம்.

என் கணவரை ஒன்றரை வயதிலேயே பழக்கிவிட்டதாக மாமியார் சொல்கிறார். ஜூனில் சேர்க்கவேண்டிய விளையாட்டுப் பள்ளியில் டயப்பர் இல்லாமல்தான் அனுப்பவேண்டும் என்கிறார்கள். அந்த அவசரத்தில் ஒருநாள் அவனை அடித்தும்விட்டேன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. சாப்பாடு குறைவு, பால் மட்டும் ஒரு நாளைக்கு மூன்று பாட்டில், முக்கால் லிட்டர் வரும். இது பிடிவாதமா, பயமா?

மன்னார்குடி பாட்டி:

அம்மாடி, உன் மாமியார் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையை இரண்டு பாதத்தின் மேல் உட்கார வைத்து "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்போம். மாதக் கணக்கில் அதே நேரத்தில் செய்தோம். ஆனால் அதில் பாதி எங்கள் பழக்கம்தான். குழந்தை முகம் சுளித்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவ்வளவுதான். உன் பிள்ளைக்கு அந்த வயது தாண்டிவிட்டது, ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ளாதே.

நாற்காலி மாதிரி உயரமான கழிப்பறையா உங்கள் வீட்டில்? கால் அந்தரத்தில் தொங்கினால் பெரியவர்களுக்கே முக்க வராது. வீட்டில் மணை இருந்தால் இரண்டை அடுக்கிக் காலுக்குக் கீழே போடு. முட்டி இடுப்பைவிட மேலே வரவேண்டும். காலைப் பலகாரம் முடிந்த கையோடு உட்கார வை. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் தானே அசையும். ஐந்து நிமிடம் போதும். வராவிட்டால் எழுப்பிவிடு.

செவிலியர் அக்கா:

கிராம சுகாதாரச் செவிலியராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். தங்கச்சி, இது பிடிவாதம் இல்லை, வலி. குழந்தை அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும். இறுகியது வெளியே வரும்போது ஆசனவாய் கிழியும். கிழிந்த வலியை மனதில் வைத்து அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்குவான். நீங்கள் பார்த்த இரத்தக் கீற்றுக்கு அநேகமாக அதுதான் காரணம். ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

எனவே கழிப்பறையில் போகப் பழக்குவதை இன்றே நிறுத்துங்கள். டயப்பர் கேட்டால் உடனே கட்டிவிடுங்கள். முதலில் மலம் இளகவேண்டும், கழிப்பறை அப்புறம். குழந்தை மருத்துவர் லாக்டுலோஸ் போன்ற சிரப் எழுதித் தருவார். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதக் கணக்கில் கொடுக்கவேண்டி வரலாம். பாலை அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், பசி தானாக எடுக்கும். தண்ணீர், கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை மசியல் கொடுங்கள்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த இடத்தில் அது கொடுமை. இன்னொன்று: பல நாள் போகாதவன் திடீரென்று நீர்போல உள்ளாடையில் கசியவிட்டால் பேதி என்று நினைத்துச் சிரப்பை நிறுத்தாதீர்கள். கெட்டி மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி போனபிறகு, டயப்பரோடேயே குளியலறையில் நின்று போகட்டும். பிறகு டயப்பரோடு இருக்கையில் உட்காரட்டும். பிறகு டயப்பரின் நடுவில் ஓட்டை வெட்டிவிட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

திண்டுக்கல் அப்பா:

என் மகளுக்கு ஃபிளஷ் சத்தம்தான் பயமாக இருந்தது. அவள் வெளியே போனபிறகுதான் தண்ணீர் விடுவோம். பிறகு அவளே பொத்தானை அழுத்தக் கேட்டாள். இரவு டயப்பரை இப்போது தொடாதீர்கள். இரவில் நனைப்பது 5 வயதுவரை சாதாரணம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார்.

பெரம்பூர் அம்மா (ஆறு வாரம் கழித்து):

செவிலியர் அக்கா, உங்கள் பதிலைப் படித்த அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். கிழிசல்தான் என்றார். சிரப் தொடங்கிய மூன்றாம் நாள் களி போல இளகிப் போனான், அழவில்லை. டயப்பரோடு குளியலறைக்கு வர இரண்டு வாரம், டயப்பரோடு உட்கார இன்னும் பத்து நாள் ஆயிற்று. ஓட்டை வெட்டிய டயப்பரை இரண்டே முறைதான் கேட்டான். போன ஞாயிறு இட்லி சாப்பிட்டதும் மணைமேல் காலை ஊன்றி, என் இரண்டு கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டு போனான். "வலிக்கல அம்மா" என்றான். நான் அழுதுவிட்டேன்.

சிரப் இன்னும் கொடுக்கிறோம். அடுத்த வாரம் வேலூரில் என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். அங்கே தரையோடு பதித்த கழிப்பறை. குழியைப் பார்த்தாலே விலகி ஓடுவான். பாட்டி, அதற்கு என்ன செய்யலாம்?

மன்னார்குடி பாட்டி:

குழிப் பக்கமே கூட்டிப்போகாதே. குளியலறைத் தரையில் செய்தித்தாளை விரித்துக் குந்த வை, நீயும் எதிரில் குந்திக் கையைப் பிடித்துக்கொள். ஆயை மட்டும் குழியில் தட்டிவிட்டுத் தாளை மடித்துக் குப்பையில் போடும் வேலையை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். மறக்காமல் சிரப்பைப் பையில் எடுத்து வை.