நாவலை வாசித்த பிள்ளைகளுக்குக் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைக் காட்டலாமா?

பரந்தன் ரீச்சர்:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். ஜேன் ஒஸ்ரின் 1811இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி' நாவலை இந்தத் தவணையில் வாசித்து முடித்திருக்கிறோம். பிள்ளைகள் உணர்ச்சிவசப்படும் தங்கை மரியானுக்காகக் கண்கலங்கினார்கள், எல்லாவற்றையும் உள்ளே அடக்கிக்கொள்ளும் அக்கா எலினோரோடு கோபித்துக்கொண்டார்கள், மரியானைக் கைவிட்ட வில்லபியை இன்னும் மன்னிக்கவில்லை. விடுமுறைக்கு முன்னர், அந்த நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

நாவலில் ஊறிப்போன பிள்ளைகள், பாட்டும் படப்பிடிப்பும் சென்னை அலுவலகமுமாக வரும் படத்தைப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் கதை இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்பது என் முதல் தயக்கம். மற்றையது சற்றுப் பாரமானது. நாவலில் மரியானை விரும்பும் கேர்ணல் பிரண்டன் இந்தப் படத்தில் பாலா என்ற இந்திய இராணுவ அதிகாரியாக வருகிறார்; அமைதி காக்கும் படையோடு இலங்கைக்கு வந்து வெடியில் காலை இழந்தவர். படம் அந்தச் சண்டையோடுதான் தொடங்குகிறது. என் வகுப்பில், தகப்பனோ தாயோ செயற்கைக் காலோடு நடமாடும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தொடக்கத்தைத் தாண்டிவிட்டுப் படத்தைக் காட்டுவது சரியா, அல்லது உள்ளபடியே காட்ட வேண்டுமா? நாவலும் படமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முள்ளியவளையான்:

ரீச்சர், முதல் தயக்கத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். 'எங்கள் கதை இல்லை' என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். நாவலிலிருந்து எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேச்சு தானாக வளரும்.

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். சாகக் கிடக்கும் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்த அண்ணன் ஜோன், எலினோர், மரியான் உட்படத் தங்கைமார் மூவருக்கும் சேர்த்து 3,000 பவுண் கொடுக்க எண்ணுகிறான். மனைவி பேசப் பேச அது ஆளுக்கு 500 ஆகி, ஆண்டுக்கு 100 ஆகி, எப்போதாவது 50 ஆகி, கடைசியில் வீடு மாறும்போது கொஞ்சம் உதவியும் காலத்துக்கு ஏற்ற மீனும் வேட்டை இறைச்சியும் என்று தேய்ந்துபோகிறது. கொடுமையை இவ்வளவு சிரிப்போடு எழுதிய வேறொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. படமோ இந்த இழப்பை ஓர் உயிலால் கடந்துவிடுகிறது: மகள் தன் விருப்பப்படி மணம் முடித்துப் போன கோபத்தில் எப்போதோ எழுதிய உயில், நோயில் கிடந்தவரைக் கடைசிவரை பராமரித்த அதே மகளை வெளியேற்றுகிறது. தமிழ்நாட்டுப் பெரிய வீடொன்றுக்கு அது பொருந்துகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்பதும் ஒரு நல்ல கேள்வி. வீடு மகளுக்குச் சீதனம் என்பது தேசவழமை என்ற வழமைச் சட்டத்தில் வளர்ந்த எங்களுக்குப் பழகிய நடைமுறை; அண்ணன் தங்கைமாரை வீட்டைவிட்டு அனுப்புவது முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் இங்குள்ள குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுபட்டவை. அடுத்துக் காணியைப் பெறும் பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால், அந்தச் சட்டத்தின்படி மகளுக்கு முன் மகனே வருவான். 2022இல்தான் அது திருத்தப்பட்டது. பரந்தன் பக்கத்துப் பிள்ளைகள், நாவலில் தங்கைமார் இழந்த நோர்லண்ட் வீட்டை விளங்கிக்கொள்ள இங்கிலாந்து வரை போகத் தேவையில்லை.

மாங்குளம் வாசகி:

மேலே சொன்ன அண்ணாவோடு பாதிதான் உடன்படுகிறேன். மரியானும் வில்லபியும் கவிஞர்களான கூப்பரையும் ஸ்கொற்றையும் வாசித்து மயங்கிய இடத்தில், படத்தின் மீனாட்சியும் ஸ்ரீகாந்தும் பாரதியை வைத்து மயங்குவது அருமையான மாற்றம். வில்லபியின் பணத்தேவையை, சரிந்துபோகும் நிதி நிறுவனம் ஒன்றாக மாற்றியதும் அப்படியே. ஆனால் ஈரப் புல்லில் நடந்து தானே வருவித்துக்கொண்ட காய்ச்சலில் மரியான் சாவின் விளிம்புவரை போகிறாள். அந்த நோயில்தான் அவள் மாறுகிறாள். மீனாட்சி சென்னை மழையில் மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழிக்குள் விழுகிறாள். அதற்கு மாநகராட்சியைத்தான் குறை சொல்ல வேண்டும், அவளுடைய குணத்தை அல்ல.

புதுக்குடியிருப்பு ஐயா:

ரீச்சர் தங்கச்சி எழுதிய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். எனக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. எப்படிப் போனது என்பது இங்கே தேவையில்லை.

நாவலில் மரியான் பிரண்டனை நையாண்டி செய்வது அவருடைய கம்பளிச் சட்டையை வைத்து. 35 வயதுக்காரர் வாதத்துக்குப் பயந்து கம்பளி உள்ளங்கி போடுகிறாராம், ஆகையால் அவர் கிழவராம். பதினேழு வயதின் அறியாமை அது. நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம். அந்தச் சட்டையின் இடத்தில் போரில் போன காலை வைத்துவிட்டால் அந்தச் சிரிப்புக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் பாலாவைக் குடிகாரராக்கி, மீனாட்சிக்குக் கோபிக்க வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. மம்முட்டி அந்தப் பாத்திரத்தை மிகுந்த கண்ணியத்தோடு செய்திருக்கிறார் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இந்தப் படத்தில் கால் போனது ஒரு மனிதனுடைய சோகத்தின் அடையாளம். பங்குனி வெயிலில் செயற்கைக் காலுக்குள் வியர்வை தேங்கி, உறை நனைந்து, தோல் உரிந்து, பின்னேரம் திண்ணையில் குந்தி அதைக் கழற்றி வைக்கும்போது வரும் நிம்மதியை உங்கள் மாணவிகளில் சிலர் வீட்டில் நாளும் பார்க்கிறார்கள். அவர்கள் திரையைப் பார்த்து அழுவதைவிட, 'அப்படி இல்லை' என்று திருத்தத்தான் வாய்ப்பு அதிகம். திருத்தட்டும்.

சீருடையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1987இலிருந்து 1990வரை இங்கே இருந்தவர்களுக்கு இந்திய இராணுவம் என்றால் வரும் நினைவுகள் வேறு. படம் தன் நாயகனுடைய காயத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விடுகிறது. சண்டை நடந்த அந்தக் காட்டுக்கு அயலில் குடியிருந்தவர்களின் கதை அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஒஸ்ரின் அம்மையாரும் அப்படித்தானே செய்தார்? பிரண்டன் கிழக்கிந்தியாவில் படைச்சேவை செய்தவர். அங்கே அவர் கண்டதெல்லாம் நவாப்புகளும் தங்க மொகராக்களும் பல்லக்குகளுமாகத்தான் இருக்கும் என்று வில்லபி கேலி செய்வதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருடைய நாட்டில் அவர் என்ன செய்தார் என்று நாவல் கேட்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கக்கூடிய வகுப்பு உங்களுடையதுதான்.

ஆகவே தொடக்கத்தை வெட்ட வேண்டாம். முதல் நாளே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். பார்க்க விரும்பாத பிள்ளை காரணம் சொல்லாமல் வெளியே இருக்கவும், பாட்டுத் தொடங்கியதும் உள்ளே வரவும் இடம் கொடுங்கள்.

பரந்தன் ரீச்சர்:

நன்றி ஐயா. அந்தக் கிழக்கிந்தியப் பகுதியை வகுப்பில் ஓடிப்போய்விட்டோம், திரும்ப வாசிக்கிறேன். இதே நாவலை வைத்து எடுத்த ஆங் லீயின் 1995ஆம் ஆண்டுப் படமும் கைவசம் இருக்கிறது. அதையும் காட்ட நேரம் போதாது என்பதுதான் சிக்கல்.

வவுனியா அக்கா:

முழுவதும் காட்டாவிட்டாலும் முடிவுக் காட்சியை மட்டும் காட்டுங்கள் ரீச்சர். தான் விரும்பிய எட்வேர்ட் வேறொருத்தியை மணம் முடிக்கவில்லை என்று தெரிந்ததும் நாவலில் எலினோர் எழுந்து கிட்டத்தட்ட ஓடிப்போய், கதவு சாத்திய பிறகுதான் அழுகிறாள். ஒஸ்ரின் அந்த அழுகையை ஒரு வாக்கியத்தில் முடித்துக் கதவை மூடிவிடுகிறார். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதி ஒஸ்கார் வாங்கிய எம்மா தொம்சனே எலினோராகவும் நடித்தார்; அவர் எட்வேர்ட்டின் முன்னால், இருந்த இடத்திலேயே, அடக்க முடியாமல் விம்முகிறார். கதவுக்கு வெளியே நின்ற வாசகரைத் திரைப்படம் உள்ளே கூட்டிச் செல்கிறது. அது எலினோருக்குச் செய்த நன்மையா அநியாயமா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எலினோரோடு கோபித்துக்கொண்டவர்கள்தான் முதலில் கை உயர்த்துவார்கள் என்று நினைக்கிறேன்.