சிங்கப்பூரில் பி.ஆர். வாங்கினால் உண்மையில் என்ன மாறும்? மகனை நினைத்துத் தயங்குகிறேன்

மன்னைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பி.ஆர். (நிரந்தரவாசம்) விண்ணப்பம் போடலாமா வேண்டாமா என்று வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு ஓடுகிறது, முடிவுக்கு வர முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். சிங்கப்பூர் வந்து ஏழு வருடம் ஆகிறது, இ.பி.யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலை அனுமதி) மென்பொருள் வேலை. மனைவி எம்.காம். முடித்துக் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்தவள், இங்கே டிபென்டன்ட் பாஸில் (இ.பி.காரரின் குடும்பத்துக்கான பாஸ்) வந்த நாளிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு.

இவ்வளவு நாள் பி.ஆர். பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. போன ஏப்ரலில் எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு செய்தார்கள். என் குழுவில் இரண்டு பேருக்கு வேலை போனது. ஒருவர் பி.ஆர்., நான்கு மாதம் தேடி வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் என்னைப் போல இ.பி.யில் இருந்தவர். பாஸை ரத்து செய்த பிறகு அவருக்கு இருந்தது முப்பது நாள். அந்த முப்பது நாளில் நேர்காணலுக்கும் ஓடினார், வாடகை ஒப்பந்தத்தை முறிக்க வீட்டுக்காரரிடம் கெஞ்சினார், ஃபிரிட்ஜையும் கட்டிலையும் வந்த விலைக்குத் தள்ளினார், கடைசியில் பாலர் பள்ளியில் இருந்த பிள்ளையைப் பாதி வருடத்தில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு திருச்சி விமானம் ஏறிவிட்டார். சாங்கி வரை போய் வழியனுப்பியவன் நான்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்துதான் இந்த எண்ணம். ஆனால் பி.ஆர். வாங்கினால் மகன் 18 வயதில் என்.எஸ். (கட்டாயத் தேசிய சேவை) போக வேண்டும். அம்மா போனில் அழுகிறார், நாமே எழுதிக் கொடுத்துப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புவதா என்று. அப்பாவுக்கு வேறு கவலை. இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும், ஊரில் இருக்கும் ஆறு மா நஞ்சை என் பேருக்கு வராது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சிபிஎஃப் (நம் ஊர் பி.எஃப். போன்ற கட்டாயச் சேமிப்பு) பிடித்தால் கைக்கு வரும் சம்பளம் வேறு குறையும், ஊரில் வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. இதையெல்லாம் தாண்டி லாபம் இருக்கிறதா?

ஈசூன்வாசி:

தம்பி, முதலில் அப்பாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். பி.ஆர். வேறு, குடியுரிமை வேறு. பி.ஆர். வாங்கினாலும் கையில் இருப்பது அதே இந்தியப் பாஸ்போர்ட்தான். நிலத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை. இது இ.பி.யில் இருக்கும்போதே உங்களுக்குப் பொருந்துகிற விஷயம், பி.ஆரால் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

நான் 2015இல் பி.ஆர். ஆனேன். முதல் தடவை நிராகரித்தார்கள், இரண்டு வருடம் கழித்து மறுபடி போட்டேன், கிடைத்தது. என்ன மாறியது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது வீட்டையோ பணத்தையோ இல்லை. இ.பி. என்பது உங்கள் முதலாளி உங்களுக்காக வாங்கிய பாஸ். அவர் விட்டால் நாடும் விட்டது. அந்தப் பயம் இருந்த காலத்தில் நான் எதற்கும் மறுப்பு சொன்னதில்லை. மூன்று வருடம் சம்பள உயர்வு கிடையாது, பொங்கலுக்கு லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். பி.ஆர். வந்து ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன், யாரிடமும் பாஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

இ.பி. விதிகளும் வருடத்துக்கு வருடம் இறுகுகின்றன. 2023 செப்டம்பரிலிருந்து புதியவர்களுக்கும் 2024 செப்டம்பரிலிருந்து புதுப்பிப்பவர்களுக்கும் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது. 2025 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி ஆனது, வயது கூடக் கூட அந்த எல்லையும் கூடும். இப்போது நன்றாக ஓடுகிறது என்பதால் நாற்பத்தைந்து வயதிலும் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள்.

மனைவி விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 2021 மே மாதத்துக்கு முன்பு டிபென்டன்ட் பாஸில் இருப்பவர்கள் ஒரு ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். அதன் பிறகு பெரும்பாலோருக்குத் தனியாக வேலை பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது, எம்.காம். படித்தவர்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். பி.ஆர். ஆகிவிட்டால் அவர் எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், நிறுவனத்துக்கும் வெளிநாட்டு ஊழியருக்கான ஒதுக்கீட்டுக் கணக்கு, தீர்வை எதுவும் இல்லை. ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு வேலை கிடைப்பது சுலபமில்லைதான், ஆனால் அடைத்துக் கிடந்த கதவாவது திறக்கும்.

சிபிஎஃப் கணக்கு இது. சம்பளம் 8,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் உங்களிடம் 5 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி பிடிப்பார்கள், முதலாளி 4 விழுக்காடு போடுவார். இரண்டாம் வருடம் உங்களுடையது 15, அவருடையது 9. மூன்றாம் வருடத்திலிருந்து முழு அளவு, உங்களுடையது 20, அவருடையது 17. அப்போது உங்கள் கைக்கு 1,600 வெள்ளி குறையும், ஆனால் முதலாளி போடும் 1,360 வெள்ளி இன்றைக்கு உங்களுக்கு வராத பணம். சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடு, சிறப்புக் கணக்கிலும் மெடிசேவிலும் (மருத்துவச் செலவுக்கான கணக்கு) 4 விழுக்காடு வட்டி. மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டில் பி.ஆர்.களும் சேர்த்தி, பிரீமியத்தை மெடிசேவிலிருந்தே கட்டலாம். ஊர் வீட்டுக் கடனை மட்டும் அந்த மூன்றாம் வருடத்துக்குள் பாதியாவது அடைக்கப் பாருங்கள். அங்கே தடுமாறிய நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு பற்றி: உடனே வீவக வீடு (அரசின் அடுக்குமாடி வீடு) வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். இருவரும் பி.ஆர். ஆகி மூன்று வருடம் ஆன பிறகு மறுவிற்பனை வீடுதான் வாங்கலாம், கடன் வங்கியில்தான், கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு. பி.ஆர். இல்லாத வெளிநாட்டவர் தனியார் வீடு வாங்கினால் அந்த வரி 2023 ஏப்ரலிலிருந்து 60 விழுக்காடு! இன ஒதுக்கீடும் இருக்கிறது. ஒரு புளோக்கில் இந்தியர், பிற இனத்தவருக்கான பங்கு 15 விழுக்காடு, அது நிரம்பியிருந்தால் அந்த புளோக்கில் அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்றால்தான் நீங்கள் வாங்க முடியும். இது தெரியாமல் முன்பணம் வரை போய்விட்டு நாங்கள் திரும்பி வந்தோம்.

பள்ளிக்கூடமும் உங்களுக்கு அவசரம். மகனுக்கு ஐந்து என்றால் அடுத்த வருடம் தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் பதிவு, இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஆசியான் நாடுகளைச் சேராதவர்களுக்குக் கட்டணம் பி.ஆர். பிள்ளையைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

என்.எஸ். பற்றி நான் சொல்லப் போவதில்லை. எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

செங்காங் அம்மா:

நான் சொல்கிறேன். என் மகன் போன ஜனவரியில் என்.எஸ். போனான், நாங்கள் எல்லோரும் பி.ஆர்.தான், அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கிடைத்தது.

தம்பி, முதலில் விதியைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை அடிப்படையில் முதன்மை விண்ணப்பதாரராக பி.ஆர். வாங்கும் உங்களுக்கு என்.எஸ். கிடையாது, உங்கள் மூலம் பி.ஆர். ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிய வேண்டும், 18 ஆனதும் அழைப்பார்கள், இரண்டு வருடம் முழுநேரம். அதோடு முடிவதில்லை, பெரும்பாலோர் நாற்பது வயது வரை வருடத்தில் அதிகபட்சம் நாற்பது நாள் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: 13 வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். பையனை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டு இரண்டு வருடம் படிக்கவைக்கலாம் என்ற திட்டம் இருந்தால் அதற்குள் யோசித்துவிடுங்கள்.

அவனைப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவில் கொண்டுபோய் விட்ட நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெற்றோரையும் படகில் கூட்டிப் போகிறார்கள், அவன் படுக்கப்போகும் அறையைக் காட்டுகிறார்கள், அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டையே நமக்கும் போடுகிறார்கள். திரும்பும் படகில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள். அதன் பிறகு வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி (விடுப்பில் வெளியே) வந்தவன் கறுத்து, மெலிந்து, கையெல்லாம் காய்ப்போடு வந்து நின்றான், அழுகையை அடக்கிக்கொண்டு சோறு போட்டேன், மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை தன் துணியைத் தானே மடிக்காத பிள்ளை அவன். இப்போது சீன, மலாய்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் அவனுக்கு உயிர் நண்பர்கள், ஹரிராயாவுக்கு அவர்கள் வீட்டுக்கு இவன் போகிறான், தீபாவளிக்கு அவர்கள் இங்கே வந்து முறுக்கு பிழிந்தார்கள். நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு நண்பர் இல்லை. பல்கலைக்கழக இடமும் போகவில்லை, முன்பே கிடைத்த இடத்தை என்.எஸ். முடியும் வரை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று. பி.ஆர். வசதியை எல்லாம் அனுபவித்துவிட்டு 17 வயதில் மகனின் பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால் அது எதிராக நிற்கும், உங்கள் ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளிநாடு போனால் பி.ஆராகத் திரும்பி வருவதற்கான அனுமதி) புதுப்பிப்பிலும் கணக்கில் எடுப்பார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போகிறான், அவனோடு விளையாடி வளர்ந்த நம் பையன் போகக் கூடாது என்றால் எப்படி?

உறையூரான்:

நான் பி.ஆரை ஒப்படைத்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பிவிட்டவன், பதினொரு வருடம் அங்கே இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பெற்றோரை அழைத்துப்போய் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நீண்டகால வருகை பாஸுக்கு பி.ஆர். விண்ணப்பிக்கலாம், கிடைப்பது அவர்கள் கையில். வயதான பெற்றோருக்கே பி.ஆர். கேட்பதென்றால் அது குடிமக்களுக்கு மட்டும்தான். எனக்குக் கிடைக்கவில்லை, வந்துவிட்டேன்.

அதில் வருத்தம் இல்லை. ஒப்படைத்தபோது சிபிஎஃப் பணம் முழுவதும், முதலாளி போட்டதும் வட்டியும் சேர்த்து, கைக்கு வந்தது. அப்பாவின் வைத்தியமும் உறையூரில் இந்த வீடும் அந்தப் பணத்தில்தான். இ.பி.யிலேயே அத்தனை வருடம் ஓட்டியிருந்தால் மாதா மாதம் கையில் வந்ததை மாதா மாதம் செலவழித்துவிட்டு வந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ரீ-என்ட்ரி பெர்மிட்டை மட்டும் தேதி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். அது காலாவதியாகி நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் பி.ஆரே போய்விடக்கூடும். பெயரில்தான் நிரந்தரம், வேலை, சிபிஎஃப் பங்களிப்பு எல்லாம் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள்.

மன்னைக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. செங்காங் அக்கா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே போனில் வாசித்துக் காட்டினேன். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்ற இடத்தில் மறுபடியும் அழுதார், ஆனால் போகக் கூடாது என்று சொல்லவில்லை. மனைவி நேற்றே தன் சான்றிதழ்களை எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரு சந்தேகம். மகனை விட்டுவிட்டு நான், மனைவி, மகள் மூவர் மட்டும் விண்ணப்பித்தால் என்ன? என் அலுவலகத்தில் இருவர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

செங்காங் அம்மா:

செய்யலாம், கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் டிபென்டன்ட் பாஸ் உங்கள் இ.பி.யை ஒட்டியது, நீங்கள் பி.ஆர். ஆனதும் அவனுக்கு நீண்டகால வருகை பாஸோ மாணவர் பாஸோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பள்ளிக்குக் கடைசிக் கட்டப் பதிவு, அந்த மூன்று மடங்குக் கட்டணம். பிறகு அவனே இங்கே படித்து, வளர்ந்து, பி.ஆர். வேண்டும் என்று விண்ணப்பித்தால் அப்போதும் என்.எஸ். கேள்வி வரும். எனக்கு அதைவிட இன்னொன்று உறுத்துகிறது. ஒரே வீட்டில் தங்கை பி.ஆர்., அவனுக்கு மட்டும் பாஸ். பத்து வயதில் அவன் காரணம் கேட்பான். அப்போது என்ன பதில் சொல்வீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டுப் பிறகு படிவத்தை நிரப்புங்கள்.