சொந்தப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதுவீர்களா?

பினாங்கு வாசகி:

வணக்கம். போன மாதம் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு தமிழ் நாவல் கிடைத்தது. தோட்டத்துக் கதை, அட்டை போய்விட்டது, ஐந்து வெள்ளி. வீட்டுக்கு வந்து பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் யாரோ பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, அழித்துவிடலாம் என்று ரப்பரையும் எடுத்துவிட்டேன். ஆனால் தொழிலாளிகள் இருட்டோடு வந்து வரிசையாக நிற்பதாக வருகிற பக்கத்தில், ஓரமாகப் பொடி எழுத்தில் "இதுதான் பெரட்டு. தண்டல் பெயர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை" என்று இருந்தது. (தண்டல் என்றால் தோட்டத்து மேஸ்திரி.) ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். கதையாசிரியர் சொல்லாமல் விட்டதை, அந்த வரிசையில் நின்ற ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. பள்ளியில் படித்தது எல்லாம் இரவல் பாடநூல்கள், அதாவது 1975-இல் தொடங்கிய அந்த எஸ்பிபிடி திட்டத்துப் புத்தகங்கள். பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஆண்டு முடிவில் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் திரும்ப வாங்குவார்கள். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. இப்போது எழுத ஆசை வந்திருக்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் "எழுதினால் அப்புறம் யார் வாங்குவார்கள்?" என்கிறார். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

செந்தூல்காரன்:

அக்கா, என் பதில் வேண்டாம் என்பதுதான். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் தமிழ் இலக்கியப் பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சீனியர் அண்ணன் கொடுத்த புத்தகம். ஒவ்வொரு கவிதைக்கும் பக்கத்திலேயே கருத்து, அணி, நயம் எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருந்தார். படிக்கச் சுலபமாக இருந்தது உண்மை. ஆனால் இன்றைக்கும் அந்தக் கவிதைகளில் எது நான் உணர்ந்தது, எது அந்த அண்ணன் எழுதியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோடு போட்ட வரிக்குத்தான் கண் முதலில் போகும், போடாத வரி கண்ணில் படாமலே போய்விடும். அடுத்தவர் கண்ணால் படித்த மாதிரிதான்.

இன்னொன்று. இங்கே வெளிவரும் தமிழ்ப் புத்தகங்கள் பல, எழுதியவரே கைக்காசு போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சடித்தவை. மறுபதிப்பு வருவது அபூர்வம். நாற்பது வருடம் கழித்து ஓர் ஆய்வு மாணவருக்குக் கிடைக்கிற ஒரே பிரதி உங்களுடையதாக இருக்கலாம். நான் தனி நோட்டுப் புத்தகம் வைத்து, பக்க எண் போட்டு அதில் எழுதுகிறேன். புத்தகம் சுத்தமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற வாத்தியார், பிரிக்பீல்ட்ஸ்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? வீடு மாறும்போது புத்தகம் ஒரு பெட்டியில், நோட்டு இன்னொரு பெட்டியில். அப்புறம் நோட்டு பழைய பேப்பரோடு போய்விடும். புத்தகத்திலேயே இருப்பதுதான் புத்தகத்தோடு பயணம் செய்யும். தங்கச்சிக்கு அந்தப் பெரட்டுக் குறிப்பு சௌரஸ்தா மாடியில் கிடைத்தது அதனால்தானே.

ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1637 வாக்கில் ஒரு கணித நூலின் ஓரத்தில் ஒரு தேற்றத்தைச் சொல்லி, இதற்கு அருமையான நிரூபணம் கண்டுபிடித்திருக்கிறேன், எழுத இங்கே இடம் போதாது என்று எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு மகன் அந்தக் குறிப்புகளையும் சேர்த்து 1670-இல் நூலை அச்சிட்டார். அவர் எழுதிய பிரதி தொலைந்துபோனது. மகன் அச்சிடாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வியே நமக்கு வந்திருக்காது. ஆண்ட்ரூ வைல்ஸ் அதற்கு விடை எழுதி வெளியிட்டது 1995-இல்.

ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். நம் ஏட்டுச்சுவடிகளில் யாரோ விளக்கமாக எழுதி வைத்ததை, பின்னால் படியெடுத்தவர் மூலம் என்று நினைத்து உள்ளே சேர்த்து எழுதிவிட்டது உண்டு. இடைச்செருகல் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எத்தனையோ ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்துச் சலித்தெடுக்க வேண்டியிருந்தது. அதனால் எழுதினால் உங்கள் எழுத்து என்று தெரியும்படி எழுதுங்கள், பெயரின் முதல் எழுத்தும் தேதியும் போடுங்கள். அச்செழுத்தை அடித்துத் திருத்தாதீர்கள், பிழை என்றாலும் ஓரத்தில் சொல்லுங்கள்.

எழுதுவது பென்சிலில் மட்டும். பிள்ளைகள் தேர்வில் வட்டம் கருக்குகிற 2பி பென்சில் போதும், அழுத்தாமல் எழுதவேண்டும். பென்சில் கரி வெளிச்சத்தில் மங்காது, நம்ம ஊர் ஈரத்தில் பரவாது, வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். போல்பாயிண்ட் பேனாவின் எண்ணெய் மை வருடங்கள் போகப் போகத் தாளின் மறுபக்கத்துக்கு இறங்கிவிடும். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம், நிறம் போய்விடும், கறை நிற்கும். ஒட்டுத்தாளும் நீண்ட நாள் விட்டால் பசை தங்கிவிடும், பழைய தாளாக இருந்தால் பிய்த்தெடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும்.

பட்டர்வொர்த் அம்மா:

எல்லாம் சரி, ஆனால் இரவல் வாங்கிய புத்தகத்தில் மட்டும் யாரும் கைவைக்காதீர்கள். என் அப்பா எனக்குப் பதினைந்து வயதில் கையெழுத்துப் போட்டுத் தந்த புத்தகம் ஒன்றை ஒருவருக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மஞ்சள் ஹைலைட்டர், அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே ஒரு டெலிபோன் நம்பர். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை என்னால் திறக்க முடியவில்லை.

செந்தூல்காரன்:

ஐயா, நோட்டு தொலைந்துபோகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த அண்ணன் பெயரும் தேதியும் போட்டிருந்தால், இது அவர் பதினேழு வயதில் நினைத்தது என்று தள்ளி வைத்துப் படித்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் முதல் தடவை படிக்கும்போது எழுதமாட்டேன். இரண்டாம் தடவை பார்க்கலாம்.

பினாங்கு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் அந்தப் பெரட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கள் பக்கம் மழை பெய்தால் பெரட்டு முடிந்து திரும்ப லயத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மழை விடுமா என்று பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருப்போம்" என்றார். அந்தப் பழைய குறிப்புக்குக் கீழே, பென்சிலில், அம்மா சொன்னதை அப்படியே எழுதி, அம்மா பெயரின் முதல் எழுத்தும் நேற்றைய தேதியும் போட்டிருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்கியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரியாக எழுதியிருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்த்தார்.