பிரேக் வேலை: மூன்று மெக்கானிக், மூன்று பதில்

வணக்கமுங்க. கார் 2014 மாடல், பெட்ரோல், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது, நாற்பது கொண்டை ஊசியில் பாதி தாண்டியதும், பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையிலேயே உதற ஆரம்பித்தது. கருகிய வாடை வேறு. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். பின்சீட்டில் அம்மா மாசாணியம்மனைக் கூப்பிட்டபடியே வந்தார்.

பொள்ளாச்சியில் காட்டியபோது, "முன்னாடி டிஸ்க் ரெண்டும் போச்சு, புதுசுதான் போடோணும்" என்றார்கள். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேடு அதை இரு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை.) கோவையில் ஒருவர், "எதுக்குங்க புதுசு? லேத்தில் கொடுத்து மட்டம் பண்ணினால் போதும்" என்றார், அதாவது பழைய தட்டின் மேல்பரப்பையே சீவிச் சமமாக்குவது.

மூன்றாமவர் சக்கரத்தைக் கழற்றியே காட்டினார். இடது பக்கம் உள் பேடு 2 மி.மீ. கூட இல்லை, வெளிப் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்வதற்கான 'பின்' (கம்பி) இறுகிவிட்டதாம். அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, பேடு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். கண்ணால் பார்த்ததால் எனக்கு இவர் பேச்சில்தான் நம்பிக்கை. ஆனால் டிஸ்க்கை அவரும் அளக்கவில்லை. குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், என் வண்டியில் துரு மூடிப் படிக்க முடியவில்லை.

பிரேக் ஆயில் மூன்று வருஷப் பழசு. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மலையில் சூடேறினால் கொதித்துவிடும் என்பதால் அதை எப்படியும் மாற்றப்போகிறேன்.

லேத்தில் மட்டம் பண்ணிய டிஸ்க்கோடு மலை இறங்கியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நாள் தாங்கியது? அப்புறம், கோவை, திருப்பூர் பக்கம் டயல் கேஜ் (டிஸ்க் கோணலாகச் சுற்றுகிறதா என்று காட்டும் முள் கருவி) வைத்து டிஸ்க்கை அளந்து சொல்லும் பட்டறை தெரிந்தால் சொல்லுங்க. அடுத்த மாதம் திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போகோணும். அதுவரை வண்டி ஷெட்டில்தான்.