பழைய புத்தகத்து யானை பேட்டர்ன்: நடுப்பட்டை மிஞ்சுகிறது, கால் விரிகிறது. உதவுங்கள்

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு):
சௌராஸ்தா சந்தை மாடியில் வாங்கிய பழைய ஆங்கிலத் தையல் புத்தகத்தில் ஒரு யானை பொம்மைக்குப் பேட்டர்ன் (துணி வெட்டக் கட்டம் போட்டு வரைந்த மாதிரி) இருக்கிறது. அண்ணன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு, மிச்சமிருக்கும் பருத்தி பாத்திக் துணியில் தைத்துக் கொடுக்க ஆசை. முதலில் காடா துணியில் தைத்துப் பார்த்தேன். ஒரு கட்டம் 1 அங்குலம் என்று போட்டிருந்தபடி பெரிதாக்கி, ஸ்கேல் வைத்தும் பார்த்துவிட்டேன், அளவு சரி. தையலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. கோட்டிலேயே வெட்டி, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தேன்.

தும்பிக்கை நுனியிலிருந்து பிடரி வரை போகும் நடுப்பட்டை, பக்கத் துண்டை விட ஏறக்குறைய 1 அங்குலம் நீளம். நெற்றியெல்லாம் சுருக்கம். அப்புறம், பஞ்சு அடைத்ததும் நான்கு கால்களும் விரிந்து யானை வயிற்றில் படுத்துவிடுகிறது. எங்கே திருத்துவது?

பதில் (செந்தூல், கோலாலம்பூர்):
புத்தகத்தில் ஃபெல்ட் துணி (நெய்யாமல், இழைகளை அமுக்கிச் செய்யும் துணி) என்று எங்கேயாவது இருக்கிறதா பாரும்மா. பழைய பொம்மைப் பேட்டர்ன்களில் பல ஃபெல்ட்டுக்கு வரைந்தவை. அதில் நூல் பிரியாது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெளியிலேயே கையால் தைக்கலாம். ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் 1880 வாக்கில் செய்த ஊசி குத்தி வைக்கும் யானையும் ஃபெல்ட்தான். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டதில்தான் அவருடைய பொம்மைத் தொழிலே தொடங்கியது.

ஃபெல்ட் என்றால் அந்தக் கோடுதான் தையல் கோடு. வளைந்த நெற்றியில் உள்ளே தள்ளித் தைத்தால் அந்த ஓரத்தின் நீளம் குறையும். கிட்டத்தட்ட நேராக ஓடும் பட்டை குறையாது, அதனால் மிஞ்சுகிறது. கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டு. அளக்கும்போது டேப்பைப் படுக்க வைக்காமல், அதன் ஓரம் காகிதத்தில் படும்படி நிறுத்தி, தையல் கோட்டின் மேலேயே வளைத்து அளக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆமாம் அக்கா, முன்பக்கத்தில் ஃபெல்ட் என்றுதான் இருக்கிறது! கோட்டின் மேல் அளந்தேன். இருந்தாலும் அரை அங்குலம் இன்னும் மிஞ்சுகிறது.

பதில் (பட்டர்வொர்த்):
அது புத்தகத்தின் தவறு. இந்த மாதிரிப் புத்தகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தத் துண்டு தவறு என்று தெரியாமல் கத்தரியை எடுக்காதீர்கள். பக்கத் துண்டு வயிற்றுத் துண்டோடு சரியாகப் பொருந்துகிறதா? பொருந்தினால் அதைத் தொட வேண்டாம், பட்டைதான் நீளம். நெற்றியில் குறைத்தால் முகமே போய்விடும். பட்டை ஒடுங்கும் பிடரிப் பக்கம் காகிதத்தைக் குறுக்கே வெட்டி, அரை அங்குலம் மேலேற்றி ஒட்டி, ஓரத்தை மறுபடி சீராக வரையுங்கள். இரண்டு பக்கத் தையலையும் தும்பிக்கை நுனியிலிருந்தே தொடங்குங்கள். ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் தைத்தால் தலை திருகிக்கொள்ளும்.

கால் விரிவதற்குக் காரணம் வயிற்றுத் துண்டு. உள்கால் வயிற்றோடு சேரும் இடத்தில், முன்காலிலிருந்து பின்கால் வரை ஒரு டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடியுங்கள். நடுவில் கால் அங்குலம், இரண்டு முனையிலும் ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். இரண்டு பக்கமும் இப்படித்தான். முனையில் துணி குறையாததால் மற்ற தையல்கள் மாறாது, கால்கள் மட்டும் உள்ளே வரும்.

கேட்டவர்:
டார்ட் பிடித்துவிட்டேன், நிற்கிறது! கொஞ்சம் தள்ளாடுகிறது, அவ்வளவுதான்.

பதில் (செந்தூல்):
அது பஞ்சு விஷயம். பாலியஸ்டர் பஞ்சு அமுங்கும். பாதத்தில் தொடங்கி, சின்னச் சின்னதாக, கால் கல் மாதிரி ஆகும்வரை குச்சியால் அடை. ஒரு வயதுப் பிள்ளை என்கிறாய், கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், நூலால் எம்பிராய்டரி போட்டுவிடு.