புதுப்பிப்பு: எங்களோடு வேலை பார்க்கும் பெரியவர்

மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் அவரை வீட்டுக்கு அழைத்தால், பரிதாபப்படுகிறோம் என்று நினைப்பாரோ எனக் கேட்டிருந்தேன். நிறையப் பேர் "ஏதாவது உதவி கேளுங்கள்" என்றீர்கள். அதுதான் பலித்தது. ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடியுமா என்று என் கணவர் கேட்டதும் கருவிப்பெட்டியோடு வந்துவிட்டார், அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய் இரவாகிவிட்டது. இப்போதெல்லாம் அவரே போன் செய்கிறார்.

தனிமை உடம்பையும் பாதிக்கும், உலக சுகாதார நிறுவனமே 2023-ல் இதற்கென ஆணையம் அமைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் அவரை நோயாளி மாதிரி நடத்த எங்களுக்கு மனமில்லை. அவரோடு பேசுவது நிஜமாகவே பிடித்திருக்கிறது. சீக்கிரம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகும் வரவேண்டும் என்றோம், சரி என்றார்.