தாத்தா வயலினுக்குள் குச்சி உருளுகிறது, ஓரம் வாய் பிளந்திருக்கிறது: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

செம்பனை நிழல் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மகள் கோயில் மண்டபத்தில் கர்நாடக வயலின் படிக்கிறாள். முக்கால் அளவு வயலின் அவள் கைக்குச் சிறிதாகிவிட்டது, முழு அளவுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் டீச்சர். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கணவரின் தாத்தா தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர், வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசித்த வயலின். அவர் போன பிறகு மரப்பெட்டியோடு அலமாரி மேலேயே கிடந்தது.

எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னக் குச்சி உருளுகிறது. கீழ்ப்பக்கம், மார்பில் சாய்த்து வைக்கும் இடத்தில், பின்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே பெயர் அட்டை நுழைகிற அளவுக்கு இடைவெளி. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வளைந்திருக்கிறது. இரண்டு தந்தி இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. தந்தியை முறுக்கும் பிருடை திருகினால் நிற்கவில்லை. விரல் வைக்கும் கருப்புப் பலகைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை.

மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்தால் ஸ்த்ராதிவாரியுஸ் என்று லேபிள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஜெர்மனி. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பெட்டியை முழுதாகத் திறக்கவே இல்லை, புதுசு வாங்கிடுங்க என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. குழந்தை இதில்தான் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து கட்டை (தைப்பிங்)

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த இரண்டு தந்தியையும் இப்போதே தளர்த்துங்கள். உள்ளே உருளுவது சவுண்ட் போஸ்ட், மேல்பலகைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும் குச்சி. அது நிற்காத நேரத்தில் தந்தி இறுக்கமாக இருந்தால் பிரிட்ஜ் மேல்பலகையை அழுத்தி உட்கார வைத்துவிடும். பலகை கீறினால் செலவு பல மடங்கு. தளர்த்தும்போது டெயில்பீஸுக்கு (தந்திகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும் துண்டுக்கு) அடியில் மெல்லிய துணி மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் அது விழுந்து வார்னிஷைக் கீறிவிடும்.

லயத்துக்காரர் (கோல கங்சார்)

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஹார்டுவேர் கடையில் சூப்பர் குளூ வாங்கி ஓரத்தில் விட்டு, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினால் காலையில் பிடித்துவிடும். குச்சிக்குப் பதில் சாப்ஸ்டிக் வெட்டி நிறுத்தலாம். எங்கள் பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டிக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம்.

ஈப்போ மரவேலை

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், இதை மட்டும் செய்யவே கூடாது. நான் தச்சு வேலையிலிருந்து வயலின் பக்கம் வந்தவன். சூப்பர் குளூ போட்ட வயலின் என் மேசைக்கு வந்தால் அன்றைக்குப் பாதி நாள் அந்தப் பசையைச் சுரண்டுவதிலேயே போய்விடும். சுரண்டும்போது மரமும் சேர்ந்து வரும்.

காரணம் சொல்கிறேன். வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், பின்பலகையும் பக்கப் பலகையும் மேப்பிள். மேல்பலகை சுமார் 3 மில்லிமீட்டர்தான் தடிப்பு, பக்கப் பலகை அதைவிட மெலிசு. காற்றில் ஈரம் ஏறினால் மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. ஆக, பலகை அகலத்தில் விரிகிறது, அதைச் சுற்றி வளைந்து நிற்கும் பக்கப் பலகை அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இழுபறி. அந்த இழுபறியில் ஏதாவது ஒன்று தோற்றாக வேண்டும். தோற்க வேண்டியது பசை, மரம் இல்லை. அதற்காகத்தான் தோல் பசை போடுகிறார்கள். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. தேவையான அளவுக்குப் பிடிக்கும், நெருக்கடி வந்தால் மூட்டில் விட்டுவிடும், வெந்நீரும் சூடும் பட்டால் கழன்று வரும். வயலினைத் திறந்து பழுது பார்த்து மறுபடி மூட முடிவதே இந்தப் பசையால்தான். சூப்பர் குளூவோ எபாக்சியோ வெள்ளைத் தச்சுப் பசையோ போட்டால் மூட்டு விடாது, பலகை பிளக்கும்.

அதனால் அக்கா, உங்கள் வயலினின் ஓரம் திறந்திருப்பது கெட்ட செய்தி இல்லை. பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. வாசிக்கும்போது மார்பு வியர்வை படுகிற இடம்தான் முதலில் விடும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம்.

இப்போது ஒன்று செய்யுங்கள். விரல் முட்டியால் ஓரம் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம், விட்ட இடத்தில் கலகலவென்று அதிரும். எங்கிருந்து எங்கே வரை என்று ஒரு தாளில் வயலின் வடிவம் வரைந்து குறியுங்கள், வயலின் மேல் எதுவும் ஒட்ட வேண்டாம். அப்புறம் மேல்பலகையில், மெல்லிய தந்திப் பக்கம் பிரிட்ஜ் கால் நிற்கிற இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே நீளமாகக் கீறல் இருக்கிறதா?

செம்பனை நிழல்

தந்தியைத் தளர்த்திவிட்டேன், நன்றி தம்பி. தட்டிப் பார்த்ததில் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவு அதிர்கிறது, வேறெங்கும் இல்லை. பிரிட்ஜ் நின்ற இடத்தில் கீறல் தெரியவில்லை. ஆனால் ஒரு எஃப் துளையின் கீழ் நுனியிலிருந்து முடி போல ஒரு கோடு ஓரத்தை நோக்கிப் போகிறது. விரலால் லேசாக அமுக்கினால் அசைகிறது.

இன்னொரு கேள்வி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுத் தோல் பசை என்று சொன்னதும் மாமியார் யோசிக்கிறார். வயலினைப் பூசை அறையில்தான் வைக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் வில்

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தாத்தா பஜனைக்கு வாசித்தபோதும் அதில் இருந்தது பெரும்பாலும் தோல் பசைதான். பக்கத்தில் வாசித்த மிருதங்கத்தின் இரண்டு முகமும் தோல். கோயில் தவிலும் அப்படியே. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மீன் பசை இருக்கிறது, முயல் தோல் பசையும் இருக்கிறது. மீன் பசை ஈரத்துக்குச் சீக்கிரம் இளகும், அதனால் நம் ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வேலை செய்கிறவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பூசை என்றதும் ஞாபகம் வருகிறது. சரஸ்வதி பூசைக்குச் சந்தனம், குங்குமம் நேராக வார்னிஷ் மேல் வைக்காதீர்கள். ஈரச் சந்தனம் கறை விடும், சிலருடைய வயலினில் பொட்டு வைத்த இடம் வட்டமாகவே வெளுத்திருக்கும். பெட்டிக்கு வையுங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், நாற்காலி பாலிஷ், ஸ்பிரிட் எதுவும் தடவக்கூடாது. ஸ்பிரிட் பட்டால் பல வார்னிஷ்கள் கரைந்தே போகும்.

ஈப்போ மரவேலை

அசைகிற கீறல் என்றால் இனி நீங்கள் எதையும் ஒட்ட வேண்டாம். வெறும் ஓரம் மட்டும் என்றால் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எஃப் துளை நுனிக் கீறலில் அழுக்கு உள்ளே சேருமுன் சுத்தம் செய்து, இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் சேர்த்து ஒட்ட வேண்டும். மட்டம் தப்பினால் வாழ்நாள் முழுக்க விரலுக்குத் தட்டுப்படும். சில நேரம் உள்ளே சின்ன ஸ்புரூஸ் துண்டு வைத்து வலுக்கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேல்பலகையைக் கழற்ற வேண்டும். அமுக்கி அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள், கீறல் நீளும்.

ஓரத்தை எப்படி ஒட்டுவார்கள் என்று தெரிந்திருந்தால் வேலை கொடுக்கும்போது கேள்வி கேட்கலாம். பசைக் குருணையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, உப்பிய பிறகு 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்குவார்கள். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். குழந்தைப் பால் புட்டி சூடாக்கும் கருவியே இதற்குப் போதும், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். பழைய பசையை வெந்நீரில் கழுவி எடுத்து, மெல்லிய தகட்டால் புதுப் பசையை உள்ளே விட்டு, தக்கை வைத்த கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுவார்கள். “என்ன பசை போடுவீர்கள்?” என்று கேளுங்கள். தோல் பசை என்று உடனே சொன்னால் வயலினைக் கொடுங்கள். எந்தப் பசையானாலும் பிடிக்கும் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சவுண்ட் போஸ்ட் சாப்ஸ்டிக் வேலை இல்லை அண்ணே. பால்மரக் கட்டையும் ஆகாது. நேர் ரேகையுள்ள ஸ்புரூஸ், தடிப்பு 6 மில்லிமீட்டர் சுமார். அதைப் பசை போட்டு நிறுத்துவதில்லை. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே பொருந்தி நிற்கும், தந்தி ஏறியதும் அந்த அழுத்தம் பிடித்துக்கொள்ளும். பலகைகள் உள்ளே வளைவாக இருப்பதால் குச்சியின் இரண்டு முனையையும் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி கத்தியால் செதுக்க வேண்டும். மெல்லிய தந்திப் பக்கத்துப் பிரிட்ஜ் காலுக்குச் சற்றுப் பின்னால் அது நிற்கும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நாதம் மாறும். நீளம் கூடினால் மேல்பலகையைத் தூக்கும், குறைந்தால் மறுபடி விழும். வளைந்த ஒரு கம்பியில் குத்தி எஃப் துளை வழியாகவே உள்ளே நிறுத்துவார்கள். பார்க்க எளிதாகத் தெரியும். கை பழக வருஷம் ஆகும்.

லயத்துக்காரர்

சரிப்பா, விளங்கியது. ஆர்மோனியம் வேறு, இது வேறு.

ஐந்து கட்டை

அக்கா, கொடுக்கும்போது இது கர்நாடக இசைக்கு என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வயலின் வேலை தெரிந்தவர்களில் பலர் மேற்கத்திய முறைக்கே அமைத்துப் பழகியவர்கள். நாம் ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம், தந்தியின் இழுவிசை வேறு. வயலினின் தலைப்பக்கத்தை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) விரல் தந்தி மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், தந்தி ரொம்ப உயரத்தில் நின்றால் பிள்ளைக்கு விரல் வலிக்கும். மகள் எந்தச் சுருதியில் பாடி வாசிக்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அதே சுருதிக்குத் தந்தி சேர்த்து, பிரிட்ஜின் உயரத்தைப் பார்த்துச் சீவச் சொல்லுங்கள். வளைந்த பழைய பிரிட்ஜை நிமிர்த்தவும் முடியும், ஆனால் முழு வேலைக்குக் கொடுக்கும்போது புதிதாகப் போடுவதுதான் நல்லது.

பிருடை நிற்காததற்கு அதற்கென்று விற்கும் பூச்சுக்குச்சி இருக்கிறது, ஒட்டும் பசை இல்லை. அதைத் தடவி, திருகும்போதே உள்ளே மெல்லத் தள்ள வேண்டும். மூர்க்கமாகத் தள்ளினால் பிருடைப் பெட்டி விண்டுவிடும். துளையே தேய்ந்திருந்தால் மரம் அடைத்து மறுபடி துளைக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வில்

லேபிள் பற்றி யாரும் சொல்லவில்லை. புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்த்ராதிவாரி (லேபிளில் ஸ்த்ராதிவாரியுஸ்) 1737-இல் கிரெமோனாவில் காலமானார். அவர் வடிவத்தைப் பார்த்து ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷென், பிரான்சின் மிர்கூர் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கில் செய்து அதே லேபிளை ஒட்டினார்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது. ஆகவே ஜெர்மனி என்று அச்சிட்டிருந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்கும். கோடிக்கணக்கில் விலை போகாது. ஆனால் மரம் காய்ந்து பழகிய ஜெர்மன் வயலினைச் சரியாக அமைத்தால், இன்றைக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் புதியதைவிடப் பல நேரம் நன்றாகப் பேசும். புதுசு வாங்கச் சொன்னவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

செம்பனை நிழல்

கண் கலங்கிவிட்டது. மாமியாரும் இந்தப் பதில்களைப் படித்துவிட்டுத் தோல் பசைக்குச் சரி என்றுவிட்டார். சனிக்கிழமை ரயிலில் கோலாலம்பூர் போகிறோம், டீச்சர் ஒருவரைச் சொல்லியிருக்கிறார். போகும்வரை எப்படி வைப்பது? பூஞ்சையை என்ன செய்வது? வில்லும் கிடக்கிறது, பாதி முடி அறுந்து தொங்குகிறது.

ஈப்போ மரவேலை

பூஞ்சையை வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலமாரி மேல் இனி வைக்காதீர்கள், காருக்குள் வெயிலில் விடவே கூடாது. ஏர்கான் ஓடும் அறையில் இரவு முழுக்க வைத்துப் பகலில் வெளியே எடுப்பதும் கெடுதல், ஈரம் ஏறி இறங்குவதில்தான் மரம் களைக்கும். வேலை முடிந்து வந்த பிறகு பெட்டிக்குள் ஈரமானி ஒன்று போடுங்கள். 45 முதல் 60 சதவீதம் இருந்தால் நிம்மதி. நம் ஊரில் மழை நாளில் 80-ஐத் தாண்டும், அப்போது ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் வைக்கலாம். ரயிலில் பிரிட்ஜைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். உருளும் சவுண்ட் போஸ்ட் எஃப் துளை வழியாகத் தானாக வந்தால் எடுத்து வையுங்கள், குலுக்கி எடுக்க வேண்டாம்.

வில் முடி அறுந்தது வாசித்து இல்லை, மூடிய பெட்டியில் பூச்சியின் புழு தின்றிருக்கும். குதிரை வால் முடி அதற்குத் தீனி. பெட்டியின் மூலையெல்லாம் வேக்வம் போட்டு உறிஞ்சி, திறந்தபடியே நல்ல வெயிலில் காய விடுங்கள். வயலினை வெயிலில் வைக்க வேண்டாம், பெட்டியை மட்டும். வில்லையும் கூடவே கொண்டு போய் முடி மாற்றச் சொல்லுங்கள். குச்சி நேராக இருக்கிறதா என்று அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.